பூத்தட்டோடு நிற்பவர்

பொதி ஏதும் தபாலில் வந்தால் யோகராஜா முதலில் தேடுவது கத்தரிக்கோலைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முன்பே, மேலே ஒட்டியிருக்கும் தன் பெயரையும் முகவரியையும் வெட்டி எடுத்து, பொடியாக நறுக்கி, பாதியைச் சமையலறைக் குப்பையிலும் மீதியைக் குளியலறைக் குப்பையிலும் போடுவார். அதன் பிறகே பெட்டி திறக்கப்படும். உள்ளே பெரும்பாலும் அவருடைய மனைவி ராஜேஸ்வரி வரவழைத்த சட்டியோ துவாயோ இருக்கும்.

“ரெண்டையும் ஒரே இடத்திலை போட்டால் ஆரும் எடுத்து ஒட்டிப் பார்க்கேலும்,” என்பார்.

சுவிட்சர்லாந்தில் வில் என்ற நகரத்தில், ரயில் பாதைக்கு அருகே உள்ள அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. பெயர்ப்பலகையில் முழுப்பெயர் இல்லை. முதலெழுத்துகள் இரண்டும் ஒரு புள்ளியும் மட்டும். தொலைபேசி அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எதிர்ப்பக்கம் முதலில் வாய் திறக்க வேண்டும். குரல் தெரிந்ததாக இருந்தால் “ஓம், சொல்லுங்கோ.” தெரியாததாக இருந்தால் “என்ரை நம்பரை ஆரிட்டை எடுத்தனீங்கள்?” கல்யாண வீடுகளில் குழுப்படம் எடுக்கும்போது அவருக்குச் சரியாக அந்த நேரத்தில் கை கழுவ வேண்டி வரும்.

அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு. யாரைப் பற்றியாவது அரைமணி நேரம் கதைத்துவிட்டு, எழுந்து போகும்போது மேற்சட்டையை மாட்டிக்கொண்டே சொல்வார்: “நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா யோசியுங்கோ.” கேட்டவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். வின்டர்தூரில் ஒரு கடைக்காரர் இதனால் கடையையே மாற்றிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அதை யோகராஜா ஒத்துக்கொள்வதில்லை. “அந்தாள் போனதுக்கு வேற காரணம் இருக்கு,” என்பார்.

அவர் வேலை செய்வது பாண் சுடும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில். நகரும் பட்டியில் பாண்கள் வரிசையாக ஓர் இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். உள்ளே தப்பித்தவறி ஒரு கம்பித் துண்டோ ஆணியோ கிடந்தால் இயந்திரம் கத்தும். அந்தப் பாணை யோகராஜா எடுத்து ஒதுக்க வேண்டும். இயந்திரம் கத்தாத பாண்களிலும் சிலவற்றை அவர் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். மேலதிகாரிக்கு இதனால் அவர்மேல் தனி மதிப்பு. அவருடைய சந்தேகத்துக்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே இடம் அது.

தொண்ணூறில் அகதியாக வந்தபோது அவருக்கு இருபத்துச் சொச்ச வயது. விசாரணையில் அவர் சொன்னதை மொழிபெயர்த்தவர் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் தன்னைப் பற்றி யாருக்கோ தகவல் கொடுத்தான் என்றும் நம்புகிறார். இவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம்.

இப்படி எல்லாரிடமும் ஒதுங்கி நிற்கும் மனிதர், கார்த்திகை மாதம் வந்தால் மட்டும் போரில் செத்த போராளிகளை நினைவுகூரும் நிகழ்வுகளில் கூட்டத்தின் நடுவே வந்து வாசலில் நிற்பார். கையில் ஒரு வெள்ளித்தட்டு. தட்டு நிறையத் துணியால் செய்த கார்த்திகைப்பூக்கள்; சிவப்பு இதழ்கள், அடியில் மஞ்சள். உள்ளே நுழையும் யாரையும் அவர் முகத்தைப் பார்த்து வரவேற்பதில்லை. கண் நேரே நெஞ்சின் இடப்பக்கத்துக்குப் போகும். பூ இருந்தால் தலையசைப்பு. இல்லாவிட்டால் தட்டு முன்னால் நீளும்.

அந்த வாசல் அவருக்கு யாரும் கொடுத்ததல்ல, உரிமையோடு எடுத்துக்கொண்டது. “எங்கடை வீட்டிலையும் ஒரு மாவீரர்,” என்பார். ராஜேஸ்வரியின் கடைக்குட்டித் தங்கை நளாயினி கடைசிப் போரில், வன்னியில் இயக்கப் போராளியாகச் செத்துப்போனவள். மண்டபத்தில் வைக்கும் படங்களின் வரிசையில் அவளுடைய படமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் படத்துக்கு முன்னால் ராஜேஸ்வரி குளிர்க்கோட்டைக் கழற்றாமலே விளக்கேற்றுவார். மற்றவர்கள் அந்தக் குடும்பத்துக்கு வழிவிட்டு நிற்பார்கள்.

போன நவம்பரில், நினைவு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்க, வின்டர்தூரில் உள்ளரங்க உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. செத்தவர்களின் நினைவாக ஆண்டுதோறும் நடப்பது. ஊர்ச்சங்கங்களின் அணிகள் வரும். சில ஆண்டுகளாகப் பெண்கள் அணிகளும் வருகின்றன. முன்பெல்லாம் விளையாடுகிறவர்களுக்கும் ஊசியால்தான் பூக் குத்தினார்கள். ஒருமுறை ஒரு பெடியனின் கை கிழிந்த பிறகு, சட்டையில் ஊசி கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். இப்போது பின்னால் ஒட்டும் நாடா. ஆனாலும் எல்லாரும் ‘குத்துறது’ என்றே சொல்கிறார்கள்.

காலையில் மண்டபத்தைத் திறந்துவிட வந்த சுவிஸ்காரப் பொறுப்பாளர், தட்டைப் பார்த்து, இது ஏதும் அரசியல் சின்னமோ என்று கேட்டார். பள்ளிக்கூட மண்டபம், அதனால் கேட்கிறேன் என்றார். யோகராஜா அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தார். பொலிஸ்காரர்கள் போடுகிற மாதிரிச் சப்பாத்து.

“நாய்ன், நாய்ன். நூர் ப்ளூமே,” என்றார். இல்லை, இல்லை, வெறும் பூ.

பொறுப்பாளர் சிரித்து, அழகாக இருக்கிறது என்று சொல்லி, தனக்கும் ஒன்று தருவீர்களா என்று கேட்டார். யோகராஜா கொடுத்தார். மனிதர் அதைச் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு போனார். ஏன் கேட்டு வாங்கினான் என்று யோகராஜாவுக்கு அதன்பிறகு வெகுநேரம் யோசனையாக இருந்தது.

அந்தக் கதை நடக்கும்போது பாசல் நகரத்துப் பெண்கள் அணி பக்கத்தில்தான் நின்றது. அவர்களுடைய கோல் காப்பாளர் யதுஷா, இருபத்துமூன்று வயது, நெடிய பெண். குழந்தையாக மழலையர் பள்ளிக்குப் போனதிலிருந்து எல்லாமே இந்த நாட்டில்தான். சுடர் ஏற்றும்போது எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள், அவளும் நின்றாள். யோகராஜா கவனித்தார். மற்றப் பிள்ளைகள் கால்மாற்றிக் கால் நின்றபோது அவள் அசையாமல் நின்றாள். பிறகு அணிகள் சட்டை மாற்றிக் களத்துக்குள் இறங்கியபோது, மஞ்சள் சட்டையில் அவளுடைய நெஞ்சின் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது.

அவர் தட்டோடு கோல் கம்பத்தடிக்கே போனார்.

“பிள்ளை, பூ எங்கை?”

“நான் குத்தேல்லை அங்கிள்.”

“விழுந்திட்டுதோ? இந்தாரும், வேற ஒண்டு.”

“இல்லை. எனக்கு வேண்டாம்.”

“ஏன்?”

“சொல்ல விருப்பமில்லை.”

“விருப்பமில்லை எண்டால் என்ன கருத்து?”

“அதுதான் கருத்து அங்கிள்.” குரலில் கோபமில்லை. கையுறையின் நாடாவை இழுத்து ஒட்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்கள் அந்தாளுக்கு வெறும் பூ எண்டு சொன்னனீங்கள். வெறும் பூ எண்டால் நான் ஏன் கட்டாயம் குத்த வேணும்?”

யோகராஜா திரும்பி வந்தார். பூவை மறந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார், வெட்கப்பட்டு வாங்கிக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொன்னவளை அன்றைக்குத்தான் பார்த்தார். சும்மா ஒரு பிள்ளை இப்படிச் சொல்லாது. பின்னால் யாரோ இருக்க வேண்டும். அவ்வளவு அசையாமல் நின்றாளே, அதுவும் யாரோ பழக்கிவிட்டதுபோல் அல்லவா இருந்தது?

படிக்கட்டுக்குக் கீழே போய் நின்று பாசலில் இருக்கும் சிறீதரனுக்கு அழைத்தார்.

“அந்தப் பிள்ளை ஆற்றை?”

சிறீதரன் வெள்ளந்தியாகச் சொன்னார். தகப்பன் ட்ராம் ஓட்டுகிறவர். தாய் முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளை சட்டம் படிக்கிறாள். போன ஆண்டு ஆறு மாதம் தலைநகர் பேர்ணில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தாள். கோடையில் மச்சாளின் கல்யாணத்துக்குக் கொழும்பு போய்வந்தாள். நல்ல பிள்ளை.

யோகராஜாவுக்கு ‘நல்ல பிள்ளை’ மட்டும் காதில் விழவில்லை. பேர்ண். அரசாங்க அலுவலகம். கொழும்பு. கல்யாணப் படங்களை யாரிடமோ கேட்டு வாங்கி, விரலால் பெருப்பித்துப் பார்த்தார். ஒரு படத்தில் யதுஷாவுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் நின்றான். கையில் குளிர்பானத் தட்டு இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

பிறகு கைபேசியை வாயருகே பிடித்து, ஊர்ச்சங்கங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார். “எல்லாருக்கும் வணக்கம். பாசல் ரீமின்ரை கோலி பூக் குத்த மாட்டாவாம். காரணமும் சொல்ல மாட்டாவாம். பேர்ணிலை என்ன வேலை செய்தவ, கொழும்பிலை ஆரைச் சந்திச்சவ எண்டு எனக்குத் தெரியாது. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா யோசியுங்கோ.”

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மண்டபம் முழுக்க யோசித்து முடித்திருந்தது. குழுவில் ஒருவர் ‘உளவு?’ என்று ஒற்றைச் சொல் எழுதினார். யதுஷாவின் தாய் தேநீர் வாங்க வரிசையில் போய் நின்றபோது, முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் ஒரே நேரத்தில் வேறு அலுவல் ஞாபகம் வந்ததுபோல் விலகினார்கள். தகப்பன் பார்வையாளர் வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த ரோல்ஸைச் சாப்பிடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பாசல் அணி வென்றுகொண்டே போனது. யதுஷா ஒரு கோலும் விடவில்லை. பின்னேரம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

மண்டபத்துக்குள் களத்துக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் யோகராஜா ஏற்பாட்டாளர் ஜதுஷனை மறித்தார். ஜதுஷன் முப்பதுகளில் இருப்பவர், வங்கியில் கணினி வேலை, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்.

“பூவில்லாமல் அந்தப் பிள்ளை பைனல் விளையாடேலாது.”

“அண்ணை, கட்டாயம் எண்டு நாங்கள் எங்கையும் எழுதேல்லை.”

“எழுத வேணுமோ? எழுதினால்தான் உணர்வு வருமோ?” யோகராஜா தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். அது நடிப்பல்ல. “செத்ததுகளும் இந்தப் பிள்ளையின்ரை வயசுதானே தம்பி. அதுகளுக்கும் பந்தடிக்க ஆசை இருந்திருக்கும். ஒரு நாள், ஒரு பூ, ஒரு சின்னத் துணித்துண்டு. அதுகும் பாரமோ? இண்டைக்கு ஒராள் வேண்டாம் எண்டும், வாற வருஷம் பத்துப் பேர் வேண்டாம் எண்டும். பிறகு இது சும்மா பந்தடி. இதைச் சுவிஸ்காரனே வடிவாய் நடத்துவான்.”

யோகராஜா சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது என்று ஜதுஷனால் பிடிக்க முடியவில்லை. அதற்குள் இரண்டு அணிகளும் ஒழுங்கைக்கு வந்துவிட்டன. ஜதுஷன் யதுஷாவிடம் தயங்கித் தயங்கி, “இந்த ஒரு மச்சுக்கு மட்டும் ஒட்டுவமோ? பிறகு கழட்டலாம்,” என்றார்.

யதுஷா எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

“அப்ப நான் விளையாடேல்லை,” என்று சொல்லி, ஒரு கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். அணிக்கு வேறு கோல் காப்பாளர் இல்லை. பின்னால் நின்ற பிள்ளை ஒன்று அழத் தொடங்கியது.

ஒழுங்கையின் அடுத்த பக்கம்தான் சமையற்கூடம். காலையிலிருந்து பொரித்த எண்ணெயின் மணத்தோடு ராஜேஸ்வரி கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். கழுத்திலிருந்து முழங்கால்வரை ஏப்ரன்.

“என்ன பிரச்சினை?”

“உனக்குத் தேவையில்லாத கதை,” என்றார் யோகராஜா. “போய் ரோல்ஸைப் பார்.”

ராஜேஸ்வரி போகவில்லை. அழுகிற பிள்ளையையும் ஒற்றைக் கையுறையோடு நிற்பவளையும் கணவரின் கையிலிருந்த தட்டையும் பார்த்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்து, தலைக்கு மேலால் கழற்றி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே கடும்நீலக் கம்பளிச் சட்டை. அதில் பூ இல்லை.

“என்னட்டையும் இல்லை,” என்றார். “அப்ப நானும் போகவோ?”

மனைவியின் நெஞ்சை யோகராஜா அப்போதுதான் பார்த்தார். ஊராரின் சட்டைகளையெல்லாம் சோதித்தவர், ஒரே காரில் ஏறி வந்தவரைப் பார்க்க நினைத்ததே இல்லை.

“விழுந்திருக்கும்,” என்றார் மெதுவாக.

“விழேல்லை. நான் குத்திறேல்லை.”

“எப்ப தொடக்கம்?”

“குத்தினதே இல்லை.”

யோகராஜாவின் மூளை அந்த நேரத்திலும் பழக்கப்பட்ட வழியிலேயே ஓடியது. யாரோ இவளோடு கதைத்திருக்கிறார்கள்.

“ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?”

“அம்மா,” என்றார் ராஜேஸ்வரி. “ரெலிபோனிலை. நீங்களும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்.”

அவருக்கு விளங்கியது. கூட நின்ற மற்றவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கும்படி ராஜேஸ்வரி சொல்லவும் இல்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, வன்னியிலிருந்து வந்த அழைப்பு அது. கிழவி அழுத அழுகை கைபேசிக்கு வெளியே கேட்டது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று வந்து கேட்டவர்களும் நம்முடைய ஆட்கள்தான். நளாயினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார்களாம். அடுத்த ஆண்டு தை பிறக்க அவள் இல்லை. மண்டபத்தில் இருக்கும் படம், சில வாரங்களே அவள் போட்டிருந்த சீருடையில் எடுத்தது.

அன்றைக்கு அழைப்பு முடிந்ததும் யோகராஜா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “இதை ஒருத்தரோடையும் கதைக்காதை. கதை எங்கை போய் முடியுமெண்டு தெரியாது.” ராஜேஸ்வரி கதைக்கவில்லை. ஆண்டுகள் போக, கதைக்காத விஷயம் யோகராஜாவுக்கு நடக்காத விஷயமாகிவிட்டது. எங்கடை வீட்டிலையும் ஒரு மாவீரர் என்று அவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினார். தங்கைக்காக ராஜேஸ்வரி ஏற்றிய விளக்கும் உண்மையானதுதான். பூவை மட்டும் அவரால் குத்த முடியவில்லை.

களத்திலிருந்து நடுவர் எட்டிப் பார்த்து, மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, விளையாடப் போகிறீர்களா இல்லையா என்று சுவிஸ் ஜேர்மனில் கேட்டார். ஜதுஷன் யதுஷாவின் கழற்றிய கையுறையைக் குனிந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். “போம்,” என்றார். யோகராஜாவைப் பார்க்காமலே சொன்னார்.

இறுதிப் போட்டியில் பாசல் தோற்றது. யதுஷாவின் கால்களுக்கு நடுவால் ஒரு பந்து உருண்டு போனது. காலையில் அவள் அப்படி ஒன்றை விட்டிருக்க மாட்டாள். கோல் விழுந்தபோது பார்வையாளர் பக்கத்தில் சிலர் தேவைக்கு அதிகமாகக் கைதட்டினார்கள். யோகராஜா தட்டவில்லை. யார் தட்டினார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டார். யதுஷா ஆட்டம் முடிந்ததும் நடுவருக்குக் கைகொடுத்தாள். தகப்பனின் கோட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பரிசளிப்புக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வில்லுக்குத் திரும்ப இருவரும் காரில் ஏறினார்கள். கண்ணாடியில் மழை தூறியது. யோகராஜாதான் கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன காரணமாம்?”

“நான் கேக்கேல்லை.”

“கேக்காமலோ போய்ப் பக்கத்திலை நிண்டனீ?”

“ஓம்.”

அவரால் அதை நம்ப முடியவில்லை. வீடு வரும்வரை இரண்டு மூன்று முறை மனைவியின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். காரணம் தெரியாமல் ஒருவர் இன்னொருவரோடு நிற்பது, அவர் அறிந்த மனிதரில் யாரும் செய்யாத காரியம். அந்த வாரம் முழுவதும் வேலையில் அவர் வழக்கத்தைவிடக் கூடுதலான பாண்களை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குழுவில் போட்ட குரல்பதிவை அழித்தார். ஆனால் அழித்தது எல்லாருக்கும் தெரியும்படி அங்கே ஒரு வரி நின்றது. அது அவரைப் பெரிதும் உறுத்தியது. யார் யார் அதைச் சேமித்து வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார்.

இருபத்தேழாம் திகதி, மாவீரர் நாள். பெரிய மண்டபம், வெளியே மூன்று பக்கமும் பேருந்துகள். யோகராஜா வழமைபோல வாசலில் தட்டோடு நின்றார். பெண்களுக்குக் குத்திவிட, பக்கத்தில் தொண்டர் டிலக்ஷி. இங்கே பந்தில்லை, அதனால் ஊசிதான். பூவை எடுப்பாள், குத்துவாள், அடுத்தவர். ஒரு நொடிக்கு மேல் யாரிடமும் நிற்க மாட்டாள்.

ஒவ்வோர் ஆண்டும் ராஜேஸ்வரி சமையற்காரப் பெண்களோடு பின்கதவால்தான் உள்ளே போவார். இந்த முறை முன்வாசல் வரிசையில் நின்றார். கையில் தங்கைக்கென்று வாங்கிய வெள்ளைச் செவ்வந்திப் பூக்கள். குளிருக்குப் போட்ட நீளமான கறுப்புக் கோட்டின் முன்பக்கம் திறந்திருந்தது; உள்ளே மாம்பழ நிறச் சேலை. வரிசை நகர நகர யோகராஜா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நிற்பவர்கள் யார், அவர்களில் அன்றைக்கு ஒழுங்கையில் நின்றவர்கள் யார் என்று அவருக்குத் திரும்பாமலே தெரிந்தது.

ராஜேஸ்வரி தட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

டிலக்ஷி பூவை எடுத்து ஊசியைத் திறந்தாள். “அன்ரி, கோட்டைக் கொஞ்சம் விலத்துங்கோ.”

“அவவுக்கு முதலே குத்தியாச்சு,” என்றார் யோகராஜா.

டிலக்ஷி நிமிர்ந்து பார்த்தாள். யோகராஜா தட்டை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையால் மனைவியின் கோட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, மேற்பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டினார்.